மூன்றாம் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை

வேதக்காரர் கோயிலுக்கு, அதாவது சர்ச்சுக்கு, முதல்முறையாகப் போகிறவர்களிடம், முன்னால் இருப்பவர் எழுந்தால் எழுந்திரு, உட்கார்ந்தால் உட்கார் என்று சொல்லி அனுப்புவார்கள். எனக்கும் அப்படித்தான் சொல்லி அனுப்பினார்கள். அது எவ்வளவு தூரம் சரி என்பதைத்தான் எழுதப்போகிறேன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். அவசரமும் இல்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. நாங்கள் மயிலாப்பூரில் குளத்துக்குத் தெற்கே ஒரு சந்தில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் டிராம் ஓட்டிக்கொண்டிருந்தார். நான் ஒரு கடைக்கு அப்பளம் இட்டுக் கொடுத்தேன். என் அப்பளம் ஒன்றுகூட ஓரம் கோணியிருக்காது. நூறு நூறாக அடுக்கிக் கட்டிக் கட்டி, அப்போது எழுத்து வராத எனக்கு எண்கள் மட்டும் அத்துப்படி.

என் தங்கை என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். அவள் பிறந்த ஆறாம் மாதம் அம்மா போய்விட்டாள். மூன்று வருஷம் கழித்து அப்பாவும் போனார். எனக்குக் கல்யாணம் ஆனபோது அவளையும் இடுப்பில் வைத்துக்கொண்டுதான் புருஷன் வீட்டுக்கு வந்தேன். "பொண்ணு கேட்டதுக்கு ரெண்டு பொண்ணு வந்திருக்கு" என்று தெருவில் கேலி பேசினார்கள். பேசிவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன். அவளைப் படிக்கவைத்தேன். மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்குப் பழகச் சேர்ந்தாள். அங்கே இருந்தபோது ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டாள். அதற்கு நான் இரண்டு மாதம் அவளோடு பேசவில்லை. மூன்றாம் மாதம் காய்ச்சலோடு வந்து என் பாயில் படுத்துக்கொண்டாள். பேசாமல் எப்படிக் கஞ்சி ஊட்டுவது? அத்தோடு அந்தச் சண்டை தீர்ந்தது.

பிறகு அந்த ஆஸ்பத்திரி கம்பவுண்டர் ஒருவர் அவளைப் பெண் கேட்டார். நல்ல மனுஷன். மாம்பலத்தில் வீடு. பிரஸ்பிடேரியன் சபையைச் சேர்ந்தவர். அந்தப் பேர் என் வாயில் நுழையவே இல்லை. வெள்ளைக்காரர்களில் ஸ்காட்லாந்து என்று ஒரு சீமைக்காரர்கள் கொண்டுவந்த சபையாம். அங்கே மூப்பர்கள் கூடித்தான் எல்லாம் தீர்மானிப்பார்களாம். "அப்போ மூப்பர் சபைன்னு சொல்லிட்டுப் போயேன்" என்றேன். பேருக்கு அர்த்தமே அதுதான் என்று தங்கை சிரித்தாள்.

கல்யாணத்துக்குக் குறுக்கே நின்றவர் எங்கள் தாய்மாமன். ஈக்காட்டுத்தாங்கலில் எருமை வைத்துப் பால் வியாபாரம் செய்துகொண்டிருந்தார். தன் மகனுக்கு என் தங்கை முறைப்பெண், ஆகவே அவளைத் தன் வீட்டுக்குத்தான் தரவேண்டும் என்பது அவர் கட்சி. மகன் சாது. அவனுக்கு இதில் இஷ்டம் உண்டா என்று யாரும் அவனைக் கேட்டதாகத் தெரியவில்லை.

வேதக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லலாம் என்று எல்லார் முன்னாலும் கேட்பார்கள். ஓலை என்று பேர்தானே ஒழிய வாசிப்பது காகிதத்தைத்தான். மாப்பிள்ளையின் அம்மா கௌரவத்துக்குப் பயந்தவர். "மூணு ஓலையும் சத்தமில்லாம முடியணும். கோயில்ல ஒரு ரகளை நடந்தா இந்தச் சம்பந்தமே வேண்டாம்" என்று என்னிடமே சொல்லியிருந்தார். எனக்கு அந்த அம்மாள்மேல் கோபம் இல்லை. என் பிள்ளைக்கு என்றால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

இரண்டு ஓலை சத்தமில்லாமல் முடிந்தது. மூன்றாவதற்கு நாலு நாள் இருக்கும்போது மாமா வீட்டுக்கு வந்தார். வாசல்படியில் உட்கார்ந்து வெற்றிலையை மடித்தார்.

"இன்னாமே, ஓலை படிக்கிறாங்களாமே. யாருக்குனா ஆட்சேபணை கீதான்னு அவங்களே கேக்கறாங்களாமே."

"யார் சொன்னாங்க உனக்கு?"

"எவனோ சொன்னான். கேக்கறாங்களா இல்லியா, அத்தச் சொல்லு."

"கேக்கறாங்க."

"கேட்டா பதில் சொல்றதுதான மரியாதை?"

"அப்போ போன வாரமே வந்து சொல்லியிருக்கலாமே மாமா. ஏன் வரல?"

வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார்.

"வந்தேன். கடலாண்ட பெரிய கோயில் கீது பாரு, அங்க போய்ட்டேன். எல்லாரும் முட்டி போட்டாங்க, நானும் போட்டேன். மணி அடிச்சாங்க. அவங்க பேசற பாஷை ஒண்ணும் பிடிபடல. கடைசி வரிக்கும் உக்காந்துகினு இருந்தேன். ஒருத்தனும் ஒண்ணும் கேக்கல."

பயத்தை மீறி எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது வேற கோயில் மாமா. அவங்க வேற, இவங்க வேற."

"கும்புடறது ஒரே சாமிதான? அதுக்குள்ள இன்னா ரெண்டு?"

"அது எனக்குத் தெரியாது."

"இந்த வாட்டி விலாசம் கேட்டு வெச்சிருக்கேன். நாயித்துக்கெழமை வந்து எழுந்து நிக்கறேன் பாரு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அன்றைக்கு இட்ட அப்பளம் அத்தனையும் கோணல். சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தங்கையிடம் சொன்னேன். அவள் முகம் செத்துப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வார்டில் வேலை. "நீ போக்கா. மாமா எழுந்தா கையைப் பிடிச்சு உக்கார வெச்சிடு. உன் பேச்சுக்குத்தான் அவர் கொஞ்சமாச்சும் அடங்குவாரு" என்றாள்.

"நானா? அங்க எப்படி உக்காரணும் எழுந்திருக்கணும்னே எனக்குத் தெரியாதே."

"மாப்பிள்ளையோட அம்மா எப்பவும் ஜன்னலோரம் மூணாவது பெஞ்சில உக்காருவாங்க. அவங்களுக்குப் பின்னால உக்காந்துக்கோ. அவங்க எழுந்தா எழுந்திரு, உக்காந்தா உக்காரு. முட்டி போடாதே, எங்க கோயில்ல முட்டி போடறதில்ல. ஜெபத்துக்கு உக்காந்தபடியே தலையைக் குனிஞ்சா போதும். பிரசங்கத்துக்கு முன்னாலே ஐயர் ஓலை வாசிப்பாரு."

"எந்த ஐயரு?"

"எங்க ஐயர்."

"உங்களுக்கு ஏதுடி ஐயரு?"

"பாதிரியாரை நாங்க ஐயர்னுதான் சொல்லுவோம்."

"மயிலாப்பூர்ல இருந்துகினு இதை வெளிய சொல்லிவெக்காதே" என்றேன். அந்த நிலைமையிலும் இரண்டு பேரும் சிரித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைக்குக் குளித்து, அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டேன். நெற்றியில் எப்போதும் வைக்கிற அளவுக்குக் குங்குமம் வைத்தேன். அதைச் சின்னதாக்கிக்கொண்டு போக வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. பெட்ரோல் கிடைக்காததால் பஸ்ஸெல்லாம் கரியைப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் ஏறி, வழியெல்லாம் புகையைக் குடித்துக்கொண்டு மாம்பலத்தில் இறங்கினேன்.

சின்னக் கோயில். கோபுரமும் இல்லை, கொடிமரமும் இல்லை. வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. அதைப் பார்த்ததும் பாதி தைரியம் வந்தது. கதவருகே நின்ற ஒருவர் கை கூப்பி "தோத்திரம் அம்மா" என்றார். என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் "கும்புடறேங்க" என்றேன். அவர் முகம் மாறவில்லை. ஒரு பாட்டுப் புஸ்தகத்தைக் கையில் கொடுத்துப் பெண்கள் பக்கத்தைக் காட்டினார்.

உள்ளே சாமியைத் தேடினேன். இல்லை. படம் இல்லை, பொம்மை இல்லை, விளக்கு இல்லை. வெள்ளைச் சுவர், ஒரு மேசை, பக்கத்தில் படி வைத்து உயரமாகக் கட்டிய பிரசங்க மேடை. அதற்குக் கீழே ஓரமாகப் போட்டிருந்த பெஞ்சில் நாலு பெரியவர்கள் எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். தலைப்பாகை, கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு. சிரிப்பே இல்லாத முகங்கள். இவர்கள்தான் மூப்பர்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மாப்பிள்ளையின் அம்மா மூன்றாம் பெஞ்சில்தான் இருந்தார். என்னைப் பார்த்ததும் "வந்தீங்களா" என்றார். உள்ளங்கையில் கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டிருந்தார். நான் அவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்தேன். என் பக்கத்தில் இருந்த பெண் நகர்ந்து இடம் விட்டாள். குங்குமத்தைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. புதிதாகப் போகிறவர்கள் பயப்படுகிற அளவுக்கு அங்கே யாரும் நம்மை முறைத்துப் பார்ப்பதில்லை. அவரவர் கவலை அவரவருக்கு.

முதல் பாட்டுக்கு எல்லாரும் எழுந்தார்கள். சுவரில் ஒரு பலகையில் பாட்டுகளின் எண்ணைச் சொருகி வைத்திருந்தார்கள். எழுத்து வராவிட்டாலும் எண் வருமே. பக்கத்துப் பெண்ணுக்கு முன்னாலேயே நான் பக்கத்தைத் திருப்பிவிட்டேன். பாட்டு கர்நாடக ராகமாக இருந்தது. எங்கள் பக்கத்துப் பஜனையில் கேட்ட மாதிரி. வெள்ளைக்காரன் பாட்டாக இருக்கும் என்று நினைத்துப் போன எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

இரண்டாம் அடி பாடும்போது மாமா உள்ளே வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. ஆண்கள் பக்கம் கடைசிப் பெஞ்சில், நடைபாதையோரமாக உட்கார்ந்தார். எல்லாரும் நிற்கிறபோது அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். அவர் கையைப் பிடித்து உட்காரவைக்க வேண்டுமென்றால் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு அத்தனை பேர் முன்னால் ஓடவேண்டும். இதைத் தங்கையும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

அப்புறம் ஜெபம். நீளமான ஜெபம். எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள். நான் மாமாவைப் பார்த்தேன். அவர் மூப்பர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து ஆளின் காதில் என்னவோ கேட்டார். அந்த ஆள் என்னவோ சொன்னார். பிறகு வேதம் வாசித்தார்கள். காணிக்கைப் பை ஒன்று கைமாறிக் கைமாறி வந்தது, ஓரணா போட்டேன். மூன்று தரம் எழுந்தோம், மூன்று தரம் உட்கார்ந்தோம். முன்னால் இருந்த கொண்டையையே பார்த்துக்கொண்டிருந்ததால் நான் ஒருதரமும் பிசகவில்லை.

ஐயர் காகிதத்தை எடுத்தார். கறுத்த, ஒல்லியான மனுஷன், வெள்ளை அங்கி, மூக்கு நுனியில் கண்ணாடி. மாப்பிள்ளை பேரையும் என் தங்கையின் பேரையும் வாசித்தார். அவளுடைய புதுப்பேரை வாசித்ததால் ஒரு நிமிஷம் வேறு யாரோ என்று நினைத்தேன். "இவர்கள் பரிசுத்த விவாகத்தில் இணைவதற்கு நியாயமான தடை எதையாவது அறிந்தவர்கள் இங்கே இருந்தால் இப்பொழுதே எழுந்து சொல்லவேண்டியது. இது மூன்றாம் ஓலை" என்றார். சொல்லிவிட்டுக் கண்ணாடிக்கு மேலே சபையைப் பார்த்துப் பேசாமல் நின்றார்.

நான் மாமா பக்கம் திரும்பினேன். அவர் இரண்டு கையையும் முன்பெஞ்சில் ஊன்றியிருந்தார்.

அந்த நேரம் பார்த்துக் காற்றில் ஜன்னல் கதவு படாரென்று அடித்தது. மாப்பிள்ளையின் அம்மா தூக்கிவாரிப்போட்டு எழுந்து, கதவைச் சாத்திக் கொக்கி போட்டார். எனக்கோ முன்னால் கொண்டை எழுந்தது மட்டும்தான் ஓரக்கண்ணில் தெரிந்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

யாரும் எழவில்லை. கொக்கி போட்ட அம்மாளும் உட்காரப் போனவர், என்னைப் பார்த்து அப்படியே பாதியில் நின்றார். அவர் முகத்தில் ரத்தம் இல்லை. கோயில் முழுக்கத் தலைகள் என் பக்கம் திரும்பின. நாலு மூப்பர்களும் ஒன்றாக நிமிர்ந்தார்கள்.

"அம்மா, தடை ஏதாவது உண்டா?" என்று ஐயர் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

அப்போதுதான் நான் செய்த காரியம் எனக்கே புரிந்தது. மாமாவைத் தடுக்க வந்தவளே தடை சொல்ல எழுந்தவள் மாதிரி நிற்கிறேன். தெரியாமல் எழுந்துவிட்டேன் என்று சொல்லி உட்கார்ந்திருக்கலாம். யாரும் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனால் அத்தனை பேர் முன்னால், சம்பந்தி வீட்டார் முன்னால், எழவும் உட்காரவும் தெரியாதவள் என்று பேர் வாங்க எனக்கு மனசு வரவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

"தடை ஒண்ணும் இல்லீங்க ஐயரே. நான் பொண்ணோட அக்கா. ஆறு மாசக் கொழந்தையிலேர்ந்து வளத்தவ. பொண்ணு வீட்டுல எங்களுக்கு முழுச் சம்மதம். அத்தச் சபையில சொல்லணும்னுதான் எழுந்தேன்."

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. ஐயர் மூப்பர்களைப் பார்த்தார். தலைப்பாகைக்காரர் ஒருவர் தலையை அசைத்தார். "பெண் வீட்டாரின் சம்மதத்தைச் சபை கேட்டுக்கொண்டது. உட்காருங்கள் அம்மா" என்றார் ஐயர். பெண்கள் பக்கம் யாரோ மெல்லச் சிரித்தார்கள். கேலிச் சிரிப்பு இல்லை அது.

உட்கார்ந்து மாமாவைப் பார்த்தேன். பெஞ்சில் ஊன்றிய கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டுவிட்டார். காகிதத்தை மடித்து வேதத்துக்குள் வைத்துவிட்டு ஐயர் பிரசங்கத்தைத் தொடங்கினார். முக்கால் மணி நேரம் பேசியிருப்பார். ஒரு வார்த்தை என் காதில் ஏறவில்லை. ஆனால் அவ்வளவு சுகமாக நான் எங்கேயும் உட்கார்ந்திருந்ததில்லை. கடைசிப் பாட்டுக்கு எல்லாரும் எழுந்தபோதுகூட, நிஜமாகவே எல்லாரும் எழுந்துவிட்டார்களா என்று நாலாபக்கமும் பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன்.

வெளியே மாமா வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். நானே போனேன்.

"எழுந்து நிக்கறேன்னு சொன்னியே மாமா."

"எங்க நிக்கறது? நீதான் முந்திக்கினியே." துண்டை உதறித் தோளில் போட்டார். "பாதிரி ஒருத்தர்தான் இருப்பாரு, அவராண்ட ரெண்டு வார்த்தை பேசிக்கலாம்னு வந்தேன். இங்க பாத்தா நாலு மூப்பர் உக்காந்துகினு கீறாங்க. இன்னாயா இதுன்னு பக்கத்துல கேட்டா, அவங்க வெச்சதுதான் தீர்ப்புன்றான். நம்ம ஊர்ல பஞ்சாயத்து கூடற மாதிரியே கீது. சபைல பொண்ணு வீட்டு வார்த்தையைக் குடுத்துட்டே. குடுத்த வார்த்தைக்கு மேல நான் எழுந்தா, நாலு பேரு என்னை இன்னான்னு சொல்லுவான்?"

"கோவமா மாமா?"

"கோவம் இல்லாம? ஆனா நல்லாப் பேசினே. உங்கம்மா கூட இப்படித்தான், வாயத் தொறந்தா ஒரே பேச்சுதான்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கல்யாணம் என்னிக்குன்னு எனக்கும் சொல்லி அனுப்பு. சொல்லாம வுட்டுட்டா அது வேற சண்டை" என்று சொல்லிவிட்டுக் கிண்டிப் பக்கம் நடையைக் கட்டினார்.

தவறி எழுந்தேன் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. அவர் கண்ணை மூடும்வரை சொல்லவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் கை ஜில்லென்று இருந்தது. "ஒரு நிமிஷம் என் உயிரே போயிடுச்சு அம்மா. ஆனா உங்களுக்கு எவ்வளவு தைரியம். எங்க பக்கத்துல ஒருத்தருக்கும் இது வராது" என்றார். ஆமாம் என்பது போலத் தலையை ஆட்டிவைத்தேன்.

ஐயர் கதவருகே நின்று எல்லாரையும் விசாரித்து அனுப்பிக்கொண்டிருந்தார். என் முறை வந்ததும், "ஓலை வாசித்துச் சம்மதம் கேட்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை அம்மா. நான் ஐயரானதிலிருந்து இதுதான் முதல் தடவை" என்றார் சிரித்துக்கொண்டே.

"ஐயரே, ஒண்ணு கேக்கலாமா? ஒருவேளை யாராவது எழுந்து, இந்தப் பொண்ணு எனக்கு முறைன்னு சொல்லியிருந்தா?"

"மூப்பர்கள் தனியாக அழைத்து விசாரித்திருப்பார்கள். வயது வந்த பெண்ணுக்கு முறை ஒரு தடையாகாது. கல்யாணம் நிற்காது."

கல்யாணம் நிற்காதாம். நான் பயந்ததும், கோணல் அப்பளமும், எல்லாம் தண்டம். ஆனால் ஐயர் சொன்னது மூப்பர்களுக்குச் சரி. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு யார் விசாரணை நடத்துவது? ரகளை என்றால் அவர் சம்பந்தத்தையே முறித்திருப்பார்.

அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். தங்கை காலையிலிருந்து வாசல் பக்கம் எட்டிப் பார்த்தபடி இருந்திருக்கிறாள். என்னைக் கண்டதும் கேட்டுக்கு ஓடிவந்தாள்.

"மாமா வந்தாராக்கா?"

"வந்தாரு."

"எழுந்தாரா?"

"அவர் எழல. நான் எழுந்துட்டேன்."

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நான் அவசரமாக ஜன்னல் அடித்ததையும், கொண்டையையும், ஐயர் கேட்டதையும், நான் சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவளிடம் மட்டும் மறைக்கவில்லை. முதலில் அவள் நம்பவில்லை. பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். தலையில் குத்தியிருந்த வெள்ளைத் துணி கழன்று தொங்குகிறவரை சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். நர்ஸ் உடுப்பில் மஞ்சள் பூசிய என் கன்னம் பட்டுக் கறையாயிற்று. "தோய்க்கிற சோப்பு ரேஷன்ல வருதோ இல்லியோ, முகத்தை எடுடி" என்றேன்.

"கடைசியில இன்னா சொன்னே? திரும்பச் சொல்லு."

"தடை ஒண்ணும் இல்லேன்னு சொன்னேன்."

"அதுக்கு அப்புறம்?"

"முழுச் சம்மதம்னேன்."

ஞானஸ்நானத்துக்கு இரண்டு மாதம் பேசாமல் இருந்தவள் நான். அந்த வார்த்தையை அவளிடம் அதுவரை ஒருதரமும் வாயால் சொன்னதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்குப் பசிக்குதுக்கா" என்றாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையாம். யோசித்துப் பார்த்தால் நானும் சாப்பிட்டிருக்கவில்லை. கேட்டுக்கு எதிரே ஒருவன் சூடாக வடை போட்டுக்கொண்டிருந்தான். ஆளுக்கு இரண்டு வாங்கி, நின்றபடியே தின்றோம். போதவில்லை, மறுபடியும் வாங்கினோம்.